போன ரத்தம் திரும்பி வரும் வழி

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவருடைய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் ரத்தத்தை, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் முதன்மைக் குழாயான பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. ஒரு சிறிய டம்ளரில் பாதி அளவுதான் அது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் வெளியேறும் ரத்தம் 5 லிட்டர். பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த ரத்தமும் சுமார் 5 லிட்டர்தான். ஆக, உடம்பிலுள்ள ரத்தம் முழுவதும், சராசரியாகப் பார்த்தால், நிமிடத்துக்கு ஒரு முறை இதயத்தைக் கடந்து செல்கிறது. ஒரு மணி நேரத்தில் 300 லிட்டர், ஒரு நாளில் 7,000 லிட்டருக்கும் மேல். இந்த எண்களைப் படித்து வியப்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். ஆனால் இவற்றுக்குள் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது: மணிக்கு 300 லிட்டர் ரத்தத்தை எந்த உடலாலும் புதிதாக உண்டாக்க முடியாது. எனவே, போன ரத்தமேதான் திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்கு மனித குலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், உண்ட உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது என்றும், அது சிரைகள் வழியாக உடலெங்கும் பரவி, உறுப்புகளால் உறிஞ்சப்பட்டுத் தீர்ந்துபோகிறது என்றும் கருதினார். இதயத்தின் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் பிரிக்கும் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் இருப்பதாகவும், அவற்றின் வழியே ரத்தம் கசிந்து இடப்பக்கம் சேர்வதாகவும் அவர் எழுதினார். அந்தத் துளைகளை யாரும் கண்டதில்லை. ஆயினும் அக்கருத்து பல நூற்றாண்டுகள் அசையாமல் நின்றது. 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அல்-நஃபீஸ் என்ற மருத்துவர்தான், அந்தச் சுவர் கெட்டியானது, அதில் துளை ஏதும் இல்லை, வலப்பக்கத்து ரத்தம் நுரையீரலுக்குள் புகுந்து வெளிவந்துதான் இடப்பக்கத்தை அடைய முடியும் என்று தெளிவாகச் சொன்னார். ஐரோப்பாவில் இதே முடிவுக்கு வர 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று.

முழுச் சுற்றையும் நிறுவியவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி. இத்தாலியின் பதுவா நகரில் அவர் மாணவராக இருந்தபோது, அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் சிரைகளுக்குள் இருக்கும் சிறிய வால்வுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கை கால்களில் ரத்தம் மிகுதியாகப் போய்த் தேங்கிவிடாமல் தடுப்பதற்காகவே அவை அமைந்தன என்பது ஆசிரியரின் விளக்கம். மாணவரோ, அந்த வால்வுகள் அனைத்தும் இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டார். பின்னர் அவர் ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தை வேண்டுமென்றே மிகக் குறைவாக மதிப்பிட்டு, அதை அரை மணி நேரத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினார். அப்படிக் குறைத்துப் போட்ட கணக்கிலும், உடலில் உள்ள மொத்த ரத்தத்தைவிட, உண்ணும் உணவு தரக்கூடியதைவிட, அதிக அளவே விடையாக வந்தது. 1628ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட்டில், லத்தீன் மொழியில், 72 பக்கங்களே கொண்ட ஒரு நூலில் அவர் இதை வெளியிட்டார். உடலியல் வரலாற்றில் ஒரு பெருக்கல் கணக்கு இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த வேறொரு தருணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் காட்டிய சோதனை ஒன்றை இப்போதும் எவரும் தம் கையிலேயே செய்து பார்க்கலாம். கையைச் சற்று நேரம் கீழே தொங்கவிட்டால் முன்கையிலும் புறங்கையிலும் சிரைகள் புடைத்துத் தெரியும். கிளையில்லாத ஒரு சிரையைத் தேர்ந்து, விரல் நுனிப் பக்கமாக ஓரிடத்தை ஒரு விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அந்த விரலை எடுக்காமலே, மற்றொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கிச் சிரையை மெல்ல நீவிவிட்டு, நீவிய விரலை மட்டும் எடுத்துவிட வேண்டும். வால்வு இருக்கும் இடம்வரை ரத்தம் திரும்பி வந்து அங்கே சிறு முடிச்சுபோல் புடைத்து நின்றுவிடும். அதற்குக் கீழே, அழுத்திய விரல்வரை, சிரை வெறுமையாகத் தட்டையாகக் கிடக்கும். முதல் விரலை எடுத்த கணத்தில் அந்த வெற்றிடம் கைவிரல்களின் பக்கமிருந்து நிரம்பிவிடுகிறது. ரத்தம் சிரைக்குள் எந்தத் திசையில் போகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

ஹார்வியின் சுற்றில் ஒரே ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. தமனியில் போகும் ரத்தம் சிரைக்குள் எப்படி நுழைகிறது என்பதை அவர் காணவில்லை. அப்படி ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்று மட்டும் சொன்னார். 1657இல் அவர் காலமானார். 1661இல் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, தமனிக்கும் சிரைக்கும் இடையே வலைபோல் பின்னிக் கிடக்கும் தந்துகிகளைக் கண்டார். கணக்கு சொன்ன இடத்தில், கணக்கு சொன்னபடியே, வழி இருந்தது.

இதயத்தை ‘பம்பு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது தவறான உவமை அல்ல. ஆனால் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. கிணற்றில் நீர் இருக்கும் வரை இறைத்து ஊற்றுவதே நாம் அறிந்த பம்பின் வேலை. இறைத்த நீர் எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை. இதயத்துக்குக் கிணறு கிடையாது. தான் அனுப்பியது தன்னிடமே திரும்பி வந்தால்தான் அடுத்த துடிப்புக்கு அதனிடம் ரத்தம் இருக்கும். ஆகவே ரத்த ஓட்டத்தை விளங்கிக்கொள்வதற்கு, இதயம் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்ற கேள்வி பாதிதான்; தள்ளப்பட்டது எப்படித் திரும்புகிறது என்பது மறுபாதி. பள்ளிப் பாடங்கள் முதல் பாதியை விரிவாகச் சொல்லிவிட்டு, மறுபாதியை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன என்பது என் நெடுநாள் குறை.

இதயம் ஒன்றாகத் தோன்றினாலும், அது பக்கம் பக்கமாக ஒட்டிய இரண்டு இதயங்கள். மூடிய கை அளவும் 250 முதல் 350 கிராம் எடையும் கொண்ட இந்தத் தசைப்பைக்குள் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு மேலறைகள், வந்து சேரும் ரத்தத்தை வாங்கிக்கொள்பவை. கீழே இரண்டு கீழறைகள், அதைத் தள்ளி அனுப்புபவை. உடலெங்கும் சுற்றி, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடைச் சுமந்துகொண்டு வரும் கருஞ்சிவப்பு ரத்தம், மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை ஆகிய இரண்டின் வழியாக வலது மேலறையை அடைகிறது. அங்கிருந்து மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறைக்குள் இறங்கி, நுரையீரல் தமனி வழியாக இரு நுரையீரல்களுக்கும் செல்கிறது. அங்கே காற்றோடு கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டு செந்நிறமாகி, பொதுவாக நான்கு நுரையீரல் சிரைகள் வழியே இடது மேலறைக்கு வருகிறது. பிறகு ஈரிதழ் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி, உடல் முழுவதும். தமனி என்றால் நல்ல ரத்தம், சிரை என்றால் கெட்ட ரத்தம் என்று சொல்லிக்கொடுப்பது பிழை என்பதற்கு நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையுமே சான்று. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குள் கொண்டுவருவது சிரை, அவ்வளவே.

இரண்டு இதயங்களும் ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ளுகின்றன. ஆனால் தள்ள வேண்டிய தொலைவும் தடையும் வேறு. நுரையீரல்கள் இதயத்தை ஒட்டியே இருப்பவை, அவற்றின் குழாய்கள் அகன்று இளகியவை. எனவே வலது கீழறைக்கு உச்ச அழுத்தம் 25 மி.மீ. பாதரசம் இருந்தாலே போதும். இடது கீழறையோ உச்சந்தலையிலிருந்து கால் விரல்வரை ரத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும். அதன் உச்ச அழுத்தம் 120. இந்த வேறுபாட்டை இதயத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாலே காணலாம். இடது கீழறையின் சுவர் வலதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்து, வட்டமான குழிபோல் இருக்கும். வலது கீழறை அதன்மேல் சாய்த்து ஒட்டிவைத்த பிறைபோல் மெலிந்து இருக்கும்.

துடிப்பின் தொடக்கம் வலது மேலறையின் மேற்பகுதியில் இருக்கிறது. பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்கு அருகே சைனஸ் முடிச்சு என்ற சிறிய தசைத் திட்டு உள்ளது. 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகிய இருவர் இதைக் கண்டறிந்தனர். இதன் செல்களுக்கு எவரும் கட்டளையிட வேண்டியதில்லை; அவை தாமாகவே மின்னூட்டம் பெற்று, தாமாகவே மின்துடிப்பை வெளியிடுகின்றன. அந்தத் துடிப்பு இரு மேலறைகளிலும் பரவி அவற்றைச் சுருங்கச் செய்துவிட்டு, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவேயுள்ள ஏ.வி. முடிச்சில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கிறது. இந்தத் தாமதம் இல்லையென்றால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் சுருங்கி, ரத்தம் போக வழியின்றித் திணறும். மேலறை தன் கடைசிப் பங்கைக் கீழறைக்குள் இறக்கி முடித்த பிறகே, மின்துடிப்பு விரைவு நார்கள் வழியாகக் கீழறைகளின் நுனிக்குப் பாய்கிறது. கீழறையின் தசைநார்கள் சுருள் சுருளாக அடுக்கப்பட்டிருப்பதால், அது வெறுமனே ஒடுங்குவதில்லை. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல், நுனியிலிருந்து மேல்நோக்கி, தன்னையே முறுக்கிப் பிழிகிறது.

வால்வுகளுக்கு மின்துடிப்பும் இல்லை, சொந்தத் தசையும் இல்லை. அவை மெல்லிய, வலுவான இதழ்கள். முன்பக்க அழுத்தத்தைவிடப் பின்பக்க அழுத்தம் கூடினால் திறக்கும், முன்பக்கம் கூடினால் மூடும். கீழறை சுருங்கத் தொடங்கியதும் உள்ளே அழுத்தம் எழுந்து, மேலறைப் பக்கத்து வால்வுகள் சட்டென மூடுகின்றன; அது முதல் ஒலி. மூடிய இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல், நூல் போன்ற நாண்கள் கீழறைச் சுவரிலிருந்து அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் அந்தக் கீழறையின் உள்வாயில், வெளிவாயில் இரண்டுமே மூடியிருக்கின்றன. ஒரு துளியும் நகராமல் அழுத்தம் மட்டும் ஏறுகிறது. அது பெருந்தமனியின் அழுத்தத்தைத் தாண்டியதும் வெளிவாயில் திறந்து ரத்தம் பாய்கிறது. பாய்ந்து முடிந்து கீழறை தளரும்போது, பெருந்தமனியிலும் நுரையீரல் தமனியிலும் உள்ள அரைச்சந்திர வால்வுகள் மூடும் ஓசைதான் இரண்டாம் ஒலி. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ‘லப்-டப்’ இந்த இரு கதவடைப்புகளே. ஒரு துடிப்பின் மொத்த நேரம் 0.8 நொடி, அதில் சுருங்குவதற்குச் சுமார் 0.3 நொடி, தளர்ந்து நிரம்புவதற்கு 0.5 நொடி. கொடுப்பதற்கு எடுக்கும் நேரத்தைவிட வாங்குவதற்கு எடுக்கும் நேரம் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு விளக்கம் பலருக்குப் பயன்படும். இடது கீழறை நிரம்பியிருக்கும்போது சுமார் 120 மில்லிலிட்டர் ரத்தம் இருக்கும். அதில் 70 மட்டுமே வெளியேறும், மீதி உள்ளேயே தங்கும். எக்கோ அறிக்கையில் ‘எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 60 சதவீதம்’ என்று கண்டு, தம் இதயம் அறுபது பங்குதான் வேலை செய்கிறது என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்த எண் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியேறியது என்பதைக் குறிக்கிறது. 60 என்பது நல்ல நிலையிலுள்ள இதயத்தின் அளவே. எந்த இதயமும் தன்னை முழுக்க வெறுமையாக்கிக்கொள்வதில்லை.

இதயம் விட்டுவிட்டுத்தான் தள்ளுகிறது, ஆனால் தந்துகிகளில் ரத்தம் ஏறக்குறைய இடைவிடாமல் ஓடுகிறது. இந்த மாற்றத்தைச் செய்வது பெருந்தமனியும் அதன் பெரிய கிளைகளும். அவற்றின் சுவர்களில் மீள்திறன் மிக்க இழைகள் நிறைந்துள்ளன. கீழறை தள்ளும்போது அவை அகன்று, வந்த ரத்தத்தில் ஒரு பங்கைத் தமக்குள் பிடித்துவைக்கின்றன. கீழறை ஓய்வெடுக்கும்போது பழைய அளவுக்குச் சுருங்கி, பிடித்ததை முன்னே தள்ளுகின்றன. ரத்த அழுத்தம் 120/80 என்று எழுதும்போது, கீழே உள்ள 80 என்ற எண் இதயம் ஓய்வில் இருக்கும் வேளையில் இந்தச் சுவர்கள் காத்துவைக்கும் அழுத்தம். வயது ஏற ஏறச் சுவர்கள் விறைத்துப்போவதால்தான் முதியவர்கள் பலருக்கு மேல் எண் உயர்ந்து, இரு எண்களுக்கும் இடையேயுள்ள வித்தியாசம் விரிகிறது. மணிக்கட்டில் விரல் வைத்தால் தெரியும் நாடியும் இந்தச் சுவரின் விரிவுதான். அந்த அலை நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் சுவர் வழியாக ஓடிவருகிறது. அதை எழுப்பிய ரத்தமோ அப்போது பெருந்தமனியையே தாண்டியிராது.

பெருந்தமனியில் கிளம்பிய ரத்தம் எந்த உறுப்புக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை இதயம் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பவை, தந்துகிகளுக்குச் சற்று முன்னால் இருக்கும் நுண்தமனிகள். இவற்றின் சுவர் பெரும்பாலும் வட்டத் தசை. அது இறுகினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் அகலும். 1840களில் பிரெஞ்சு மருத்துவர் பொய்ஸே, மெல்லிய குழாய்களில் நீர்மம் ஓடும் விதியை அளந்து கண்டார்: ஓட்டம் குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதனால், நுண்தமனித் தசை இம்மியளவு இறுகினாலோ தளர்ந்தாலோ ஓர் உறுப்பின் பங்கு பெரிதும் மாறிவிடுகிறது. ஓய்வில் சிறுநீரகங்களுக்கு இதயம் தரும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை 15 சதவீதத்தைப் பெறுகிறது. வேகமாக ஓடத் தொடங்கினால், கால் தசைகளின் நுண்தமனிகள் அகன்று, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள் ஒடுங்கி, நிமிடத்துக்கு 20 லிட்டரையும் தாண்டக்கூடிய மொத்த ஓட்டத்தின் பெரும்பங்கு தசைகளுக்கே திரும்பிவிடுகிறது. மூளைக்கான பங்கின் அளவு மட்டும் பெரிதாக மாறுவதில்லை.

இனி தந்துகிகள். இதயத்தின் உழைப்பு முழுவதும் இந்த இடத்துக்காகத்தான். தந்துகியின் சுவர் ஒற்றைச் செல் தடிமனே உடையது. அதன் உட்புற விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சிவப்பணுவோ அதே அளவுக்கு அகன்ற தட்டு. எனவே சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை கட்டி, பல இடங்களில் உடலை வளைத்து மடித்துக்கொண்டுதான் நுழைகின்றன. பெருந்தமனியில் நொடிக்குப் பல பத்து சென்டிமீட்டர் வேகத்தில் பாய்ந்த ரத்தம், இங்கே நொடிக்கு ஒரு மில்லிமீட்டரையும் எட்டாத வேகத்தில் ஊர்கிறது. ஒவ்வொரு தந்துகியும் மிக ஒடுங்கியது என்றாலும், எல்லாவற்றின் வாயையும் சேர்த்தால் அது பெருந்தமனியின் வாயைவிடப் பல நூறு மடங்கு பெரிது. ஒற்றை ஆறு எண்ணற்ற கால்களாகப் பிரிந்து பரவும்போது வேகம் அடங்குவதைப் போல, ரத்தமும் வேகம் அடங்குகிறது. அந்த மெதுவான நடையில்தான் ஆக்சிஜனும் சர்க்கரையும் வெளியேறவும் கழிவுகள் உள்ளே வரவும் நேரம் கிடைக்கிறது. நுரையீரல் தந்துகியில் ஒரு சிவப்பணு தங்குவது முக்கால் நொடி. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே அது தன் ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டுவிடும். எஞ்சிய நேரம் ஒரு கையிருப்பு. ஓடும்போது ரத்தம் விரைந்து போனாலும் ஆக்சிஜன் குறையாததற்கு அதுவே காரணம். இப்படி ஒரு சிவப்பணு தன் 120 நாள் ஆயுளில், நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று கணக்கிட்டால், 1,70,000 முறைக்கு மேல் இதயத்துக்குத் திரும்பி வருகிறது.

தந்துகியைக் கடந்த ரத்தத்திடம் இதயம் கொடுத்த அழுத்தத்தில் மிகச் சிறு பங்கே மிஞ்சியிருக்கும். 120இல் புறப்பட்டது நுண்சிரைக்குள் வரும்போது 15க்கு அருகில் இருக்கும். வலது மேலறையின் வாசலில் கிட்டத்தட்ட சுழியம். அதோடு, உடலின் மொத்த ரத்தத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் எந்த நேரத்திலும் சிரைகளில்தான் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மனிதரின் பாதத்திலிருந்து இதயம்வரை ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றம். அசையாமல் நின்றால் பாதத்துச் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. அளவுக்கு ஏறிவிடும். இந்த ஏற்றத்தைக் கடக்க உதவுவது கெண்டைக்கால் தசை. அது இறுகும்போது நடுவிலுள்ள சிரைகளைப் பிழிகிறது. கீழ்வால்வு மூடிக்கொள்ள, மேல்வால்வு திறக்க, ரத்தம் ஒரு படி ஏறுகிறது. நடந்தால் பாதத்துச் சிரை அழுத்தம் 30 அளவுக்கு இறங்கிவிடும். மூச்சை உள்ளிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் தாழ்ந்து, வயிற்றுக்குள் அழுத்தம் உயர்வதால், ஒவ்வொரு மூச்சும் ரத்தத்தை மேலே இழுத்துக்கொடுக்கிறது. ஆகவே, கெண்டைக்காலும் உதரவிதானமும் ரத்த ஓட்டத்தின் உறுப்புகள் அல்ல என்று யாராலும் சொல்ல முடியாது. நெடுநேரம் அசையாமல் நின்றவர் திடீரென்று மயங்கி விழுவதற்குப் பெரும்பாலும் அவருடைய இதயத்தில் ஏதும் குறை இருப்பதில்லை. ரத்தம் கால்களில் தேங்கி, இதயத்துக்குத் திரும்பவில்லை. படுத்த நிலையிலிருந்து எழுந்து நின்றாலே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைச் சில நொடிகளில் அறிந்து, சிரைகளை இறுக்கி, துடிப்பை விரைவுபடுத்திச் சமாளிக்கின்றன.

வட்டம் என்றால் ஒரு கடுமையான நிபந்தனையும் கூடவே வருகிறது. வலது இதயமும் இடது இதயமும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வட்டத்தில் இருப்பதால், இரண்டும் தள்ளும் அளவு துல்லியமாகச் சமமாக இருந்தாக வேண்டும். வலது கீழறை துடிப்புக்கு ஒரே ஒரு மில்லிலிட்டர் அதிகமாகத் தள்ளுகிறது, இடது அதைச் சரிக்கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் 720 மில்லிலிட்டர் ரத்தம் நுரையீரல்களுக்குள் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அவற்றில் இயல்பாக இருப்பதே அரை லிட்டர் அளவுதான். அரை மணி நேரம்கூட உயிர் தாங்காது. எண்பது ஆண்டுகள், நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்புகள், இந்தச் சமன் குலையாமல் இருப்பதற்கு மூளையின் மேற்பார்வை தேவைப்படவில்லை என்பதுதான் இந்த அமைப்பில் என்னை மிகவும் ஆட்கொள்ளும் செய்தி. ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்கும் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதன் காரணத்தை விளக்கினர்: இதயத் தசை எவ்வளவு இழுபட்டு நிரம்புகிறதோ அவ்வளவு வலுவாகச் சுருங்கும். கூடுதலாக வந்தால் கூடுதலாகவே அனுப்பிவிடும், குறைவாக வந்தால் குறைவாக அனுப்பும். வலது ஒரு மில்லிலிட்டர் அதிகம் தள்ளினால், அது சில துடிப்புகளில் இடது கீழறையை வந்து நிரப்பி, இடதையும் ஒரு மில்லிலிட்டர் அதிகம் தள்ள வைத்துவிடுகிறது. 1967இல் கேப் டவுனில் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது முதல் இன்றுவரை, மாற்றிவைக்கப்பட்ட இதயங்கள் நரம்புகள் அறுபட்ட நிலையிலேயே புதிய உடலுக்குள் வேலையைத் தொடங்குகின்றன. சைனஸ் முடிச்சு தாளத்தைத் தருகிறது, திரும்பி வரும் ரத்தமே அளவைச் சொல்கிறது.

இந்தச் சமன் குலையும் இடமே இதயச் செயலிழப்பு. அது இதயம் நின்றுபோவதைக் குறிக்கும் சொல் அல்ல. வந்ததை முழுவதும் அனுப்ப முடியாத நிலையைக் குறிக்கிறது. இடது கீழறை தளர்ந்தால், அனுப்பப்படாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கி, தந்துகிகளிலிருந்து நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் சற்றே தணிகிறது. வலது கீழறை தளர்ந்தால், தேக்கம் உடலின் சிரைகளில் ஏறி, மாலையில் கணுக்கால் வீங்குகிறது, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அணையின் கதவு அடைத்துக்கொண்டால் வெள்ளம் மேற்புறம்தான் ஏறும். எங்கே வீங்குகிறது என்பதைப் பார்த்தே அடைப்பு எங்கே என்று சொல்லிவிடலாம். நீர் பிரிக்கும் மாத்திரை இதயத்தைத் தொடாமலே மூச்சுத் திணறலைக் குறைப்பதும் இதனால்தான்: திரும்பி வரும் அளவை அது குறைத்துவிடுகிறது.

உடல் முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் இதயம், தன் அறைகளில் நிரம்பியிருக்கும் ரத்தத்திலிருந்து தனக்கென ஏறக்குறைய எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. சுவர் அவ்வளவு தடிமன். பெருந்தமனி புறப்படும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு இதயத் தமனிகள் பிரிந்து அதன் மேற்பரப்பில் படர்ந்து தசைக்குள் இறங்குகின்றன. மற்ற உறுப்புகள் இதயம் சுருங்கும்போது மிகுதியாக ரத்தம் பெறுகின்றன. இடது கீழறையின் தசையோ சுருங்கும்போது தன் குழாய்களையே நெரித்துக்கொள்வதால், பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான் தனக்கான ரத்தத்தைப் பெறுகிறது. துடிப்பு அளவுக்கு மீறி விரையும்போது குறைவது இந்தத் தளர்வு நேரமே. மேலும், ஓய்விலும்கூட இதயத் தசை தன்னிடம் வரும் ரத்தத்தின் ஆக்சிஜனில் 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. உழைப்பு கூடும்போது மேலும் எடுக்க அதிகம் மிச்சமில்லை, ஓட்டத்தையே கூட்டியாக வேண்டும். அந்தத் தமனி கொழுப்புப் படிவால் ஒடுங்கியிருந்தால், ஓய்வில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, படியேறும்போது மார்பு இறுகுவது இந்தக் கணக்கினால்தான்.

இரண்டு இதயங்களும் ஒரே வட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பிறப்புக்குப் பிறகு வருவது. கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல்களில் காற்று இல்லை; அவற்றின் குழாய்கள் இறுகிக் கிடக்கும். ஆக்சிஜன் தாயின் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. எனவே அந்த ரத்தம் நுரையீரலைத் தவிர்த்துப் போவதற்கு இரண்டு குறுக்குவழிகள் உள்ளன: மேலறைகளுக்கு இடையிலான சுவரில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மடிப்புக் கதவு ஒன்று, நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் குழாய் ஒன்று. அப்போது இரு கீழறைகளும் ஒரே உடலுக்கு அருகருகே நின்று ரத்தம் அனுப்பும் துணைகள். குழந்தை வெளியே வந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல்கள் விரிகின்றன, அவற்றின் குழாய்கள் திறக்கின்றன, அங்கிருந்து ரத்தம் பெருகி இடது மேலறைக்கு வருகிறது. இடப்பக்க அழுத்தம் வலப்பக்கத்தை மிஞ்சியதும் மடிப்புக் கதவு சுவரோடு ஒட்டிச் சாத்திக்கொள்கிறது. இணைப்புக் குழாய் அடுத்த ஓரிரு நாளில் இறுகி மூடி, பின்னர் வெறும் நாராகிவிடுகிறது. அந்த மூச்சிலிருந்து வலதும் இடதும் ஒரே வட்டத்தின் இரு பகுதிகள். நால்வரில் ஒருவருக்கு அந்தக் கதவு முழுவதும் ஒட்டாமல், சாத்திய நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் இருந்துவிடுகிறது. பெரும்பாலோர் அதை அறிவதே இல்லை. மற்றவர்களுக்கு, வலது மேலறையின் உட்சுவரில், கட்டைவிரலை அழுத்தி எடுத்ததுபோன்ற ஓர் ஆழமற்ற குழியாக அந்த இடம் நிலைத்திருக்கிறது.